வீட்டுப் படம்: வெட்டலும் காத்தலும்

சென்ற மாதம் அன்பர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்துக்குச் சிற்றுண்டிக்கு அழைத்திருந்தார். கேசரி வந்தது; பஜ்ஜி வந்தது; ஆவி பறக்கும் காப்பியும் வந்தது. அதன் பிறகுதான் அழைப்பின் உட்பொருள் விளங்கிற்று. அவருடைய அறுபதாம் கல்யாணத்து வீடியோவை விருந்தினர் அனைவருக்கும் காட்ட வேண்டுமாம். மூன்று மணி நேரப் படம்! முதல் கால் மணி நேரம் காமிரா கோலத்தின்மீதும் வாழைமரத்தின்மீதும் தவழ்ந்தது. அடுத்த கால் மணியில் உறவினர் வரிசையாக வந்து பரிசளித்துப் புகைப்படத்துக்கு நின்றனர். அரை மணி கடந்ததும் சோபாவின் ஒரு மூலையிலிருந்து குறட்டை எழுந்தது. ஒரு மணி கடந்தபோது விழித்திருந்தவர்கள் தம்பதியர் இருவரும், மரியாதையின் பொருட்டு நாமுமே.

அன்பரைக் குறைகூற இதனை எழுதவில்லை. நம்முள் எவர் வீட்டில்தான் இக்கதை இல்லை? பெயர் சூட்டு விழா, பூணூல், வளைகாப்பு, ஊர்க்கோயில் தேர், கோடை விடுமுறையில் தாத்தா சொன்ன கதை என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் பிடித்து வைக்கிறோம். பிடித்ததைத் திரும்பப் பார்ப்பவர் யார்? நெல்லும் பதரும் கலந்த குவியல்போல அவை கிடக்கின்றன. பிறந்த மண்ணைவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் போன்றோருக்கு இது சிறிய இழப்பன்று. பாட்டியை ஆண்டுக்கு ஒரு முறையே காணும் குழந்தைக்கு அவருடைய பேச்சின் மணத்தை உணர்த்த வல்லது அப்படம் ஒன்றே. ஆயின், மூன்று மணி நேரப் படத்துள் ஒளிந்திருக்கும் மூன்று நிமிடப் பாட்டியை அக்குழந்தை எங்ஙனம் தேடிக் காணும்?

வேண்டியதை எடுத்து வேண்டாததை நீக்கிக் கோவையாக அமைப்பதற்குப் படத்தொகுப்பு என்று பெயர். இது திரைப்படக்காரர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அதற்கு மிகுந்த பொருட்செலவு ஆகும் என்றும் அஞ்சுகின்றனர். இரண்டும் பிழை. தொகுப்புக்கான மென்பொருள் இன்று காசின்றியே கிடைக்கிறது. விலைமிக்கது வேறொன்று, அதனைப் பின்னர்க் கூறுவோம்.

காசில்லாக் கருவிகள்

வீடியோ காசெட் இருந்த காலத்தில் வீட்டில் படம் தொகுப்பது எளிதாக இல்லை. இரண்டு இயந்திரங்களைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் ஓடும் படத்தை மற்றொன்றில் பகுதி பகுதியாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தெளிவு குன்றும். நடுவே ஒரு காட்சியைச் சேர்க்க மறந்தாலோ, அவ்விடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். கணினி வந்த பின்னர் இத்தொல்லை தீர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐமூவி 1999இலும், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மூவி மேக்கர் 2000இலும் தோன்றி, இல்லறத்தார் கையில் இக்கலையைக் கொடுத்தன.

இவற்றுள் மூவி மேக்கரை 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழகிய பெயராயிற்றே என்று இணையத்தில் அதனைத் தேடி இறக்குவோர் இன்றும் உளர். அன்பர்கள் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். அப்பெயரைச் சூடிய போலிகள் உலவியதுண்டு. இலவசம் என்று உள்ளே அழைத்து, படம் முடிந்து சேமிக்கும் வேளையில் பணம் கேட்பது அவற்றின் வழக்கம்.

இன்று தொடக்க நிலையினர் கைக்கொள்ளத்தக்கவை சில உள. விண்டோஸ் 11 உள்ள கணினியில் கிளிப்சாம்ப் என்னும் மென்பொருள் உடன்வருகிறது. 2021இல் மைக்ரோசாஃப்ட் இதனை வாங்கிற்று. கட்டணமின்றியே 1080 வரித் தெளிவு வரையில் படத்தைச் சேமிக்கலாம். படத்தின்மேல் நிறுவனத்தின் முத்திரை விழாது. கட்டணச் சரக்கு என்று குறியிடப்பட்ட பாட்டுகளையும் படங்களையும் தொடாதிருந்தால் போதும். ஆப்பிள் கணினியோ ஐபோனோ வைத்திருப்போர்க்கு ஐமூவி இருக்கிறது, அதுவும் இலவசமே.

பழைய கணினியை வைத்திருப்போர் ஷாட்கட் என்பதை நாடலாம். இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் மூல நிரல் யாவரும் காணத் திறந்து வைக்கப்பட்டது. பெயர்ப் பதிவு கேட்பதில்லை, முத்திரையும் இடுவதில்லை. கேடென்லைவ், ஓப்பன்ஷாட் ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. முதல் நாள் இவற்றின் முகப்பைக் கண்டால் விமானி அறையில் நுழைந்தாற்போல் மருட்சி உண்டாகும். நமக்கு வேண்டிய பொத்தான்கள் ஐந்தாறுக்கு மேலில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்க.

நான்காவது, டாவின்சி ரிசால்வ். பிளாக்மேஜிக் டிசைன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனத்தார் அளிப்பது. திரைப்படங்களுக்கு நிறம் கூட்டும் வல்லுநர்கள் கையாளும் இதே மென்பொருளின் இலவசப் பதிப்பு, நம் வீட்டுத் தேவைக்கு மிகையே. எனினும், இது யானை. யானைக்கு ஏற்ற தீனி வேண்டும். 16 கிகாபைட் நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் இல்லாத மடிக்கணினியில் இதனை ஏற்றினால் அது தவிக்கும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்து, அவனிடம் வலிய கணினியும் இருந்தால் முயலலாம்.

கைப்பேசியிலேயே தொகுக்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2020 ஜூன் 29ஆம் நாள் நம் அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, பலர் படம் தொகுக்கப் பயன்படுத்திவந்த விவாவீடியோவும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஒரே செயலிக்குள் எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் அதன் கதி நம் படத்தின் கதியாகும். முன்னும் பின்னும் உள்ள வீண்பகுதியை நறுக்குவதுதான் தேவை எனில், கூகுள் போட்டோஸில் உள்ள வசதியே போதும். மூலம் அப்படியே இருக்க, நறுக்கியதைத் தனிப்படியாகச் சேமித்துக்கொள்ளலாம்.

நாம் செய்த பிழை

கருவி கிடைத்துவிட்டது. இனிக் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டியதுதானே? அதற்கு முன், நமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை வெட்கத்தை விட்டுக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

2019ஆம் ஆண்டு நவராத்திரியில் நம் அன்னையார் கொலுவின் முன் அமர்ந்து, 1958இல் மணமான புதிதில் தாம் தில்லிக்கு வந்த கதையைச் சொன்னார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்த பயணம். உடைந்துவிடுமே என்று மடியிலிருந்து இறக்காமலே கொண்டுவந்த கல்சட்டி. கரோல்பாக்கில் மொட்டைமாடியின்மேல் பர்சாத்தி என்னும் ஒற்றை அறைக் குடித்தனம். முதல் குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்துவிட, கலப்படம் செய்துவிட்டான் என்று கடைக்காரரிடம் அவர் தமிழில் சண்டையிட, கடைக்காரர் பஞ்சாபியில் பதில் சொல்ல, இறுதியில் கடைக்காரரின் மனைவி அப்புட்டியை அடுப்பருகில் வைத்து உருக்கிக் காட்டிய கதையும் அதில் உண்டு. மொத்தம் 41 நிமிடங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து முழுவதையும் பதிவு செய்தோம்.

புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் ஆர்வம் நமக்கு. நாற்பத்தொரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினோம். அன்னையார் இடையிடையே மௌனமாயிருந்த இடங்களை வெட்டினோம். மின்விசிறியின் இரைச்சலும் அவருடைய இருமலும் கேட்கலாகாது என்று, படம் நெடுகிலும் ஒரு பழைய திரைப்பாடலை மேலே பரப்பினோம். எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து விழுந்தன. உறவினர் எல்லோருக்கும் அனுப்பினோம். பாராட்டு மழை பொழிந்தது.

சில வாரங்களில் கைப்பேசியில் இடம் போதவில்லை. கணினியில்தான் ஏற்றிவிட்டோமே என்று மூலத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்தோம். பின்னொரு நாள் கணினியிலும் இடம் நெருக்கவே, மென்பொருளின் புராஜெக்ட் கோப்புத்தான் இருக்கிறதே என்று அங்கிருந்த மூலத்தையும் அழித்தோம்.

2021இல் அன்னையார் மறைந்தார். ஆண்டு நிறைவுக்கு உறவினர் கூடியிருந்தபோது, தேங்காயெண்ணெய்க் கதையைப் பாட்டியின் குரலில் கேட்க வேண்டும் என்று நம் பேத்தி கேட்டாள். புராஜெக்டைத் திறந்தோம். படம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றிற்று. கோப்பைக் காணவில்லை என்று அதில் எழுதியிருந்தது. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது அந்த ஐந்து நிமிடமே. அதில் அன்னையாரின் உதடுகள் அசைகின்றன. கேட்பது பெரும்பாலும் திரைப்பாடல். தேங்காயெண்ணெய்க் கதை அதில் இல்லை. நீளமாயிருக்கிறது என்று நாமே வெட்டிவிட்டிருந்தோம்.

எங்கே தவறினோம்?

தொகுப்பு மென்பொருள் நம் படத்தை விழுங்கிக்கொள்வதில்லை; அதனைத் தொடுவதுகூட இல்லை. 'இன்ன கோப்பில் இரண்டாம் நிமிடம் முதல் மூன்றாம் நிமிடம் வரை காட்டுக. பின் ஒன்பதாம் நிமிடத்துக்குத் தாவுக' என்னும் குறிப்புகளை மட்டுமே அது எழுதி வைத்துக்கொள்கிறது. சமையல் குறிப்பு வேறு, பண்டம் வேறு அல்லவா? அரிசியையும் பருப்பையும் எறிந்துவிட்டுக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சாம்பார் சாதம் உண்ண முயன்றவர் கதைதான் நம்முடையது.

கோப்புகளின் அளவை நோக்கியிருந்தாலே இது விளங்கியிருக்கும். கைப்பேசியில் 1080 வரித் தெளிவில் எடுத்த படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 130 மெகாபைட் வரை இடங்கொள்ளும். அவ்வாறெனில் 41 நிமிடப் படம் குறைந்தது இரண்டரை கிகாபைட்டாவது இருக்க வேண்டும். புராஜெக்ட் கோப்போ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது.

இவ்வியல்பு நமக்கு நன்மை தருவதுமாகும். மூலம் தொடப்படாமலே இருப்பதால், எத்தனை முறை வெட்டினாலும், எவ்வளவு தவறாக வெட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை. மூலத்தைக் காப்பவனுக்கு எந்த வெட்டும் இறுதி வெட்டன்று. ஆகவே முதல் வேலை காப்பு. வெட்டு அதன் பின்னரே. புகைப்படக் கலைஞர்களிடையே '3-2-1' என்று ஒரு விதி வழங்குகிறது. மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, ஊரில் உள்ள தம்பி வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று என்று வைத்துக்கொண்டால் விதி நிறைவேறும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோமே, அதுவே ஒரு படி ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. சாதாரணமாக அனுப்பும் வீடியோவை அது சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். 'டாக்குமெண்ட்' என்னும் வகையில் அனுப்பினால் மட்டுமே கோப்பு உள்ளபடி சென்று சேரும்.

தொகுக்கும் முறை

காப்புக்குப் பின் கத்தரி. முதற்கண், கணினியைத் தொடாமல், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படம் முழுவதையும் பார்த்துவிடுக. '4 நிமிடம் 10 நொடி: கல்சட்டி', '17 நிமிடம்: எண்ணெய்ச் சண்டை' என்று குறித்துக்கொள்க. இக்குறிப்புத்தாளே ஒரு செல்வம். தொகுக்காமலே போனாலும், தேடுபவருக்கு அது வழிகாட்டும்.

அடுத்து, மென்பொருளில் டைம்லைன் எனப்படும் காலவரிசைப் பட்டையில் படத்தை இட்டு, குறித்த பகுதிகளை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை நீக்குக. ஒரு செய்திக்கு ஒரு படம். ஒரு படத்துக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். நீண்ட பேச்சாயின் பல சிறு படங்களாகப் பிரிப்பது நலம். காட்சிக்குக் காட்சி பக்கம் புரள்வதும், இதயம் விரிவதும், நட்சத்திரம் தெறிப்பதும் வேண்டா. நேர்வெட்டே கண்ணுக்கு இதம். வெட்டும்போது சொல்லை நடுவில் அறுக்காமல், மூச்சு விடும் இடத்தில் வெட்டுக. எல்லா மௌனத்தையும் அகற்றிவிடவும் வேண்டா. முதியவர் ஒரு பெயரை நினைவுகூர முயன்று சற்று நிற்கும் இடம், அவர் கூறும் பெயரினும் சில வேளை அருமையானது.

ஒலியே உயிர். படம் மங்கலாயிருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். குரல் கேளாவிடில் யாவும் வீண். பதிவு செய்யும் முன் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துக. கைப்பேசியைப் பேசுபவருக்கு ஒரு கை தூரத்தில் வைக்குக. குரலின்மேல் பாட்டைப் பரப்பற்க. திரைப்பாடலுக்கு உரிமையாளர் உளர். இணையத்தில் ஏற்றினால் அவர்கள் தடுக்கவும் கூடும். பாட்டு வேண்டுமெனில் பாட்டியின் தாலாட்டையே பதிவு செய்யலாமே! குரல் ஓடிக்கொண்டிருக்கும்போது மேல்வரிசைப் பட்டையில் பழைய புகைப்படத்தை இட்டால், பேச்சு தொடர, படம் மாறும். கரோல்பாக் கதைக்கு 1958இன் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அகப்பட்டால் அதனினும் வேறு அலங்காரம் வேண்டுமோ?

சில சமயம் உதடு ஓரிடமும் ஒலி ஓரிடமுமாக விலகி நிற்கும். கைப்பேசி நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை ஒரே சீராக இராமையே இதற்குக் காரணம். இத்தகைய கோப்பை ஏற்றும்போது ஷாட்கட் தானே கண்டுகொண்டு, தொகுப்புக்கு ஏற்றவாறு மாற்றித் தரவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுக. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளாலும் இதனைச் சீர்செய்யலாம்.

தமிழில் தலைப்பு எழுதும்போது ஒரு சோதனை அவசியம். சில மென்பொருள்களில் நம் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நின்று நகைப்புக்கு இடமாகும். 'கொழுக்கட்டை', 'மோர்' என்னும் இரு சொற்களைத் தட்டிப் பாருங்கள். அவை சரியாக வந்தால் அச்சமில்லை. சரியாக வாராவிடின், தலைப்பை வேறொரு மென்பொருளில் எழுதிப் படமாக மாற்றி உள்ளே இடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்பில் நாள், இடம், தோன்றுவோர் பெயர், உறவுமுறை ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். 'பெரியப்பா' என்று மட்டும் எழுதினால் போதாது. யாருடைய பெரியப்பா என்று இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அறிய வேண்டாமா? தமிழ் அறியாத மருமகளோ மருமகனோ வீட்டில் இருப்பின், அடியில் அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுதுக. அதனால் ஒரு குடும்பமே படத்துக்குள் வந்துவிடும்.

முடிவில் எம்பி4 வடிவில், 1080 வரித் தெளிவில் சேமிக்குக. பலரும் காண யூடியூபில் ஏற்றுவதாயின், 'அன்லிஸ்டட்' என்னும் முறையில் ஏற்றினால் இணைப்பு கைக்குக் கிடைத்தவர் மட்டுமே காண்பர். அதற்கும் முன்பு, படத்தில் உள்ள பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு இசைவு பெறுவது பண்பு.

விலைமிக்கது

மென்பொருளுக்கு விலையில்லை என்றோம். விலைமிக்கது வேறொன்று என்றும் சொன்னோம். பெரியவர் ஒருவர் பேச இசைந்து நம்முன் அமரும் அந்த அரைமணி நேரமே அது. அதனை எந்த நிறுவனத்தாரும் இரண்டாம் முறை விற்பதில்லை. அதனைப் பதிந்த கோப்பைக் காப்பது ஒரு வேலை. அதனைப் பிறர் காணுமாறு தொகுப்பது மற்றொரு வேலை. முன்னதைச் செய்து பின்னதை விட்டவர்க்குக் குவியல் எஞ்சும். பின்னதைச் செய்து முன்னதை விட்ட நமக்கு எஞ்சியதை மேலே கூறினோம்.

அறுபதாம் கல்யாணத்து அன்பர் இவ்வரலாற்றைக் கேட்டதும், தம் படத்தைத் தொகுக்க நம் உதவியை நாடினார். முதலில் அவருடைய பென்டிரைவிலிருந்து மூலத்தை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்தோம். ஒன்று திருச்சியில் உள்ள அவர் மகளிடம் செல்கிறது. பின்னர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து, ஷாட்கட்டில் ஏழு நிமிடப் படமாக்கினோம். கோலமும் வாழைமரமும் சில நொடிகளோடு நின்றன; பரிசு வரிசை முற்றும் போயிற்று. அவர் விடாப்பிடியாய் வைக்கச் சொன்னது ஒன்று உண்டு. நடக்க இயலாத அவர் தமக்கையார் நாற்காலியில் அமர்ந்தபடியே கையுயர்த்தி, 'நன்னா இருடா' என்று வாழ்த்தும் இருபது நொடி. மூன்று மணி நேரப் படத்தில் அது இருந்ததை அவரே அன்றுவரை கண்டதில்லை.

சென்ற ஞாயிறன்று அதே கூடத்தில், அதே கேசரி பஜ்ஜியுடன், அப்படம் திரையிடப்பட்டது. அன்று குறட்டை விட்ட அன்பரும் இம்முறை இறுதிவரை விழித்திருந்தார். தமக்கையார் வரும் இடத்தை மறுமுறை போடச் சொல்லிக் கேட்டவரும் அவரே.